மலைக்குளிரும் குறுகிய மூச்சும்: தட்டை முக நாய்களின் உடல்நலம்

நுவரெலியா மாவட்டத்தில், டன்சினன், சீன் முதலிய தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த பூண்டுலோயாவிலும் அதையொத்த மலையக ஊர்களிலும் இருவகை நாய்களைக் காணலாம். லயத்து வாசலிலும் கொழுந்து மடுவத்தின் ஓரத்திலும் படுத்துக் கிடக்கும் நாட்டு நாய் எவராலும் திட்டமிட்டு இனஞ்சேர்க்கப்படாதது. அதன் மூக்கு நீண்டிருக்கும், நாசித்துளைகள் அகன்றிருக்கும், மலைச்சரிவில் ஓடி வந்து நின்றாலும் சிறிது நேரத்தில் மூச்சு சீராகிவிடும். மற்றது, கொழும்பிலோ கண்டியிலோ விலை கொடுத்து வாங்கப்பட்டு வீட்டுக்குள் வளர்க்கப்படும் பக், பிரெஞ்சு புல்டோக், பெக்கினீஸ் போன்ற தட்டை முக இனத்தைச் சேர்ந்தது. இவ்வினங்களுக்கு வெயில் ஆகாது என்பது பலரும் அறிந்த செய்தியாதலால், தாழ்நிலத்து வெக்கையில் தவிக்கும் இந்நாய்கள் மலைநாட்டுக் குளிரில் நலமாக வாழும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இந்நாய்களின் முதன்மையான நோய் வெயிலால் வருவதன்று, முகத்தின் அமைப்பாலேயே வருவது என்பதை அது மறைத்துவிடுகிறது.

முகம் குறுகிய வரலாறு

நாய்களின் மண்டையோட்டை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்: ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவற்றின் நீள்மண்டை, நாட்டு நாய்களில் காணப்படும் நடுமண்டை, பக், புல்டோக் முதலியவற்றின் குறுமண்டை. கண்களுக்கு இடையிலுள்ள பள்ளத்திலிருந்து மூக்கு நுனி வரையுள்ள நீளத்தை, அதே பள்ளத்திலிருந்து பின்மண்டை வரையுள்ள நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், முகத்தின் தட்டைத்தன்மையை அளக்கும் கோலாகப் பயன்படுகிறது. இவ்விகிதம் 0.5க்குக் கீழே இறங்கும்போது மூச்சுத்தடைக்கான வாய்ப்பு கூர்மையாக ஏறத் தொடங்குகிறது என்பதை, இலண்டனிலுள்ள ரோயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின.

குறுமண்டை இயற்கையின் தெரிவு அன்று. காளையோடு நாயை மோதவிடும் கேளிக்கை 1835இல் பிரித்தானியாவில் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், அதற்கென வளர்க்கப்பட்ட புல்டோக் தன் தொழிலை இழந்து கண்காட்சிக்குரிய விலங்காக மாறியது. 1859இல் தொடங்கிய நாய்க் கண்காட்சிகளும், 1873இல் நிறுவப்பட்ட கெனல் கிளப் என்னும் சங்கமும், ஒவ்வோர் இனத்துக்கும் எழுத்து வடிவில் தோற்ற இலக்கணம் வகுக்கும் முறையை நிலைநாட்டின. முகம் குறுகியிருக்க வேண்டும் என்று இலக்கணம் கூறினால், மிகக் குறுகிய முகத்துக்கே பரிசு கிடைக்கும். பரிசு பெற்ற நாயே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகும். இவ்வாறு நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஓவியமே சான்று. வில்லியம் ஹோகார்த் 1745இல் தம்மையும் தம் பக் நாயையும் சேர்த்து வரைந்த படத்தில், அந்நாய்க்கு இன்றைய பக் நாய்களிடம் காண முடியாத, தெளிவாகத் துருத்தி நிற்கும் மூக்கு இருக்கிறது.

மலையகத்துக்கு ஐரோப்பிய நாய்கள் வந்த வரலாறு இதற்கு மாறான ஒரு தெரிவைக் காட்டுகிறது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரைகளைத் துரத்துவதற்காக வேட்டை நாய்க் கூட்டமொன்றை வைத்திருந்தார். மலைக்காட்டில் நெடுநேரம் ஓட முடியாத நாய்க்கு அக்கூட்டத்தில் இடமில்லையாதலால், மூச்சின் வலிமையே அங்கு தெரிவுக்குரிய பண்பாக அமைந்தது. செல்லப்பிராணியின் தெரிவில் அத்தகைய சோதனை எதுவும் இல்லை. 2003இல் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்த பக் நாய், அவ்வினத்தின் மீதான மோகத்தை இந்தியா முழுவதும் பரப்பியது. பெரிய கண்களும் உருண்டைக் கன்னங்களும் குழந்தையின் முகத்தை நினைவூட்டுவதால் மனிதரிடம் பரிவைத் தூண்டுகின்றன என்பது உளவியலாளர் தரும் விளக்கம். அந்தப் பரிவே இவ்வினங்களின் சந்தை விலையாக மாறுகிறது.

எலும்பு குறுகியது, தசை குறுகவில்லை

மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்புகளுக்கு இடையே, வளர்ச்சி நடைபெறும் குருத்தெலும்பு மூட்டுகள் உண்டு. குறுமண்டை நாய்களில் இம்மூட்டுகளுள் சில உரிய காலத்துக்கு முன்பே இறுகிவிடுவதால், முகம் முன்னோக்கி வளர்வது இடையில் நின்றுபோகிறது. இதற்குப் பின்னால் இயங்கும் மரபணுக்களுள் சில இனங்காணப்பட்டுள்ளன. பிஎம்பி3 என்னும் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் 2012இலும், ஸ்மொக்2 என்னும் மரபணுவின் செயற்பாட்டைக் குறைக்கும் மற்றொரு மாற்றம் 2017இலும் அறிவிக்கப்பட்டன. நாய் இனங்களுக்கிடையே முக நீளத்தில் காணப்படும் வேறுபாட்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பகுதியை இந்த இரண்டாவது மாற்றம் விளக்குகிறது. புல்டோக் இனங்களின் சுருண்ட வாலுக்கும் முள்ளந்தண்டுக் குறைபாட்டுக்கும் டிவிஎல்2 என்னும் வேறொரு மரபணுவின் மாற்றத்தோடு தொடர்பு உண்டு.

எலும்பு குறுகியபோது அதனோடு சேர்ந்து மென்னிழையங்கள் குறுகாமையே நோயின் வேர். நாக்கு, மென்னண்ணம் எனப்படும் வாயின் பின்மேற்பகுதி, மூக்கினுள் சுருண்டு கிடக்கும் மெல்லென்புகள் ஆகியவை ஏறத்தாழ முன்னைய அளவிலேயே வளர்ந்து, சுருங்கிய வெளிக்குள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இதனால் ஏற்படும் கோளாறுகளின் கூட்டத்தைக் குறுமண்டை மூச்சுத்தடை நோய்த்தொகுதி என்பர். முதலாவது தடை நாசித்துளையிலேயே இருக்கிறது: நலமான நாயின் நாசித்துளை காற்புள்ளியைப் போல் வளைந்து திறந்திருக்க, நோயுற்ற நாயிடம் அது வெறும் கீறலாகச் சுருங்கி, மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் பக்கச்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டிய காற்று, இடம் போதாமல் வளர்ந்த மெல்லென்புகளிடையே புகுந்து, நீண்டு தொங்கும் மென்னண்ணத்தை அதிரவைத்துக் குறட்டை ஒலியை எழுப்பி, சில இனங்களில் குறிப்பாக இங்கிலீஷ் புல்டோக்கில், இயல்பைவிடக் குறுகிய மூச்சுக்குழாயை அடைகிறது.

குழாயின் விட்டம் குறையும்போது தடை எவ்வளவு ஏறும் என்பதைப் பாய்ம இயக்கவியலின் அடிப்படை விதியொன்று கூறுகிறது. குழாய் ஒன்றில் சீராகப் பாயும் வளிக்கு எதிரான தடை, அக்குழாயின் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறானது. அதாவது ஆரை பாதியானால் தடை இருமடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்காகும். மூக்கினுள் காற்று சுழன்று பாய்வதால் உண்மையான கணக்கு இன்னும் சிக்கலானது என்றாலும், சிறு ஒடுக்கமும் பெருந்தடையாகும் என்னும் அடிப்படை மாறுவதில்லை. அத்தடையை வெல்ல நாய் மார்புத் தசைகளை வலிந்து இயக்கி இழுக்க, தொண்டையில் உண்டாகும் உறிஞ்சல் அழுத்தம் சுற்றியுள்ள மென்னிழையங்களையும் உள்ளே இழுத்து வீங்கச் செய்கிறது. காலப்போக்கில் குரல்வளையின் ஓரத்துச் சிறு பைகள் பிதுங்கி வெளிவர, இறுதியில் குரல்வளையின் குருத்தெலும்பே வலுவிழந்து உட்சரியும். ஆகவே இந்நோய் பிறவியில் கிடைத்த ஒடுக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

குளிர் எவ்வளவு காக்கும்?

நாய்க்குப் பாதங்களில் மட்டுமே பயன் தரும் வியர்வைச் சுரப்பிகள் உண்டாதலால், மூக்கினதும் வாயினதும் ஈரப் பரப்பிலிருந்து நீரை ஆவியாக்கியே அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது; நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் நோக்கம் இதுவே. மூக்கு குறுகிய நாயிடம் இப்பரப்பும் குறைவு, காற்றைச் செலுத்தும் வழியும் ஒடுக்கம். மேலும் இளைப்பதற்கே அது பெருமளவு தசை உழைப்பைச் செலவிட வேண்டியிருப்பதால், தணிக்கும் முயற்சியே வெப்பத்தை உண்டாக்குகிறது. பிரித்தானியாவின் கால்நடை மருத்துவ நிலையப் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், லாப்ரடோர் நாயோடு ஒப்பிடுகையில் வெப்பத்தால் நோயுறும் வாய்ப்பு பக் நாய்க்கு ஏறத்தாழ 3 மடங்கும், பிரெஞ்சு புல்டோக்குக்கு 6 மடங்கும், இங்கிலீஷ் புல்டோக்குக்கு 14 மடங்கும் இருப்பது தெரியவந்தது.

மலையகத்து வாசகர் இவ்வெண்களைவிடக் கவனிக்க வேண்டியது, அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முடிவு. காரணம் அறியப்பட்ட நேர்வுகளில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 74 வீதம், கடும் வெயிலாலோ மூடிய வாகனத்தாலோ நேர்ந்தவை அல்ல. ஓட்டம், நடை முதலிய உடலுழைப்பால் நேர்ந்தவை. நுவரெலியாவைப் போலவே குளிருக்குப் பேர்போன ஒரு நாட்டிலிருந்து கிடைத்த முடிவு இது. உடலுக்குள் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாதபோது, சுற்றுப்புறம் குளிர்ந்திருப்பது ஓரளவு மட்டுமே உதவும். தோட்டத்துப் பாதைகளில் சமதளம் அரிது. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுவதற்கே செங்குத்தான படிகளைக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. நாட்டு நாய் ஒரு மூச்சில் ஏறும் அப்படிகள், தட்டை முக நாய்க்குக் கடும் உடற்பயிற்சிக்கு நிகராகின்றன. மழைக்காலத்து மூடுபனியில் காற்றின் ஈரப்பதன் உச்சத்தில் இருக்க, ஆவியாதல் மந்தமாவதால், இளைப்பின் பயனும் அப்போது குறைந்துபோகிறது.

உயரமும் ஒரு காரணி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு வளியமுக்கம் கரையோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். அதைவிடத் தாழ்ந்த பூண்டுலோயாவில் இக்குறைவு சிறியது. நலமான நாய் சற்று ஆழமாக மூச்செடுத்து இதை ஈடுசெய்துவிடும். குறுமண்டை நாய்களின் நாடிக் குருதியில் ஒட்சிசன் அழுத்தம் பிற நாய்களைவிடக் குறைவாகவும், காபனீரொட்சைட்டு அழுத்தமும் குருதியமுக்கமும் கூடுதலாகவும் இருப்பதை 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஆழமாக மூச்செடுப்பதே இயலாத நாய்க்கு உயரம் ஏறும்போது கையிருப்பு இன்னும் சுருங்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் நியாயமான முடிவு. இவற்றோடு, கொழும்பின் வெக்கையில் புறப்பட்டு வளைவுகள் நிறைந்த பாதையில் பல மணி நேரம் வேனுக்குள் அடைந்து வரும் குட்டியின் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால், குளிர் நாட்டை அடைவதற்கு முன்பே அது ஆபத்தைக் கடக்க வேண்டியிருப்பது விளங்கும்.

மூச்சுக்கு அப்பால்

குறுகிய முகம் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. கண்குழி ஆழமற்றுப் போவதால் விழி வெளியே துருத்தி நிற்கிறது. இமைகள் அதை முழுமையாக மூடுவதில்லை. தூசு, முள், குச்சி எதுவாயினும் மூக்கில் படுவதற்கு முன் கண்ணில் படுகிறது. விழியின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளிபுகு படலமான விழிவெண்படலத்தில் புண் உண்டாகும் வாய்ப்பு, குறுமண்டை நாய்களுக்குப் பிற நாய்களைவிட ஏறத்தாழ 20 மடங்கு கூடுதல் என்று 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. தேயிலை மலையில் இதன் பொருள் தெளிவானது. கவ்வாத்து வெட்டிய மலையில் கூரிய தேயிலைக் குச்சிகள் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்க, அவற்றினூடே நுழையும் குட்டை நாயின் கண் அவற்றுக்கு நேராக வருகிறது. கண்ணைச் சுருக்கி வைத்திருத்தல், நீர் வடிதல், முன்காலால் முகத்தைத் தேய்த்தல் ஆகியவை தென்பட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுவது அவசியம். நாள் கடந்தால் புண் ஆழமாகிப் பார்வையே போய்விடலாம்.

மூக்கின் மேலும் கன்னத்திலும் மடிந்து கிடக்கும் தோலில் கண்ணீரும் உமிழ்நீரும் தேங்க, அங்கு பற்றீரியாவும் மதுவப் பூஞ்சையும் பெருகி அழற்சியை உண்டாக்குகின்றன. வாரக்கணக்கில் மழையும் பனியும் நீடிக்கும் மலைநாட்டில் இம்மடிப்புகள் உலர்வதேயில்லை. ஆதலால் அவற்றை நாள்தோறும் மென்துணியால் துடைத்து உலர்த்துவது வளர்ப்பவரின் நிலையான கடமையாகிறது. வளர்ந்த நாயின் 42 பற்களும் குறுகிய தாடையில் இடமின்றித் திரும்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் முளைப்பதால் ஈறுநோய் இளவயதிலேயே தொடங்குகிறது. மார்புக்குள் இடையறாது நிலவும் உறிஞ்சல் அழுத்தம் இரைப்பையை மேல்நோக்கி இழுக்க, உண்ட உணவு எதிர்க்களித்து வருவதும் உண்டு. மகப்பேறும் இயற்கையாக நிகழ்வது அரிதாகிவிட்டது: குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்புக் குழி ஒடுக்கம் என்பதால், பிரித்தானியாவில் 2010இல் வெளியான கணக்கெடுப்பில் பொஸ்டன் டெரியர், இங்கிலீஷ் புல்டோக், பிரெஞ்சு புல்டோக் ஆகிய மூவினங்களிலும் ஈற்றுகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டவை சத்திர சிகிச்சை மூலமே நடந்திருந்தன. மனிதரின் கத்தி இல்லாமல் அடுத்த தலைமுறையை ஈன முடியாத நிலைக்கு ஓரினம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

குறட்டை இயல்பாகும்போது

இவ்வளவு வெளிப்படையான நோய் ஏன் கவனிக்கப்படாமல் போகிறது என்னும் வினாவுக்கு, 2012இல் ரோயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு விடை தந்தது. மூச்சுத்தடையின் அறிகுறிகள் தெளிவாகக் காணப்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் 58 வீதத்தினர், தம் நாய்க்கு மூச்சில் எந்தக் குறையும் இல்லை என்றே கூறினர். குறட்டை, உறுமலொலி, சிறு நடைக்கே இளைப்பு ஆகியவற்றை அவர்கள் கண்டறியாமல் இல்லை. இந்த இனம் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டிருந்தனர். நாயின் உறக்கத்தை உற்று நோக்கினால் நிலைமை புலனாகும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாய் உட்கார்ந்தபடியே உறங்கும். அல்லது மோவாயைத் தலையணை விளிம்பில் உயர்த்தி வைத்துக்கொள்ளும். அல்லது வாய் மூடிவிடாதபடி பொம்மை ஒன்றைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு கண்ணயரும். வேடிக்கை எனப் படம் பிடிக்கப்படும் இக்காட்சி, மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் விழித்தெழும் நாய் தானே கண்டறிந்த தற்காப்பு.

ஆயுளிலும் இதன் விளைவு தெரிகிறது. பிரித்தானியாவின் 5,80,000க்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வில், நீண்ட மூக்குடைய சிறிய பெண் நாய்களின் இடைநிலை ஆயுள் 13.3 ஆண்டுகளாக இருக்க, நடுத்தர அளவுள்ள தட்டை முக ஆண் நாய்களுக்கு அது 9.1 ஆண்டுகளே.

மருத்துவமும் சட்டமும்

நோயின் அளவைக் கண்டறிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிய சோதனையொன்றை வகுத்து, பிரித்தானிய கெனல் கிளப்போடு இணைந்து 2019இல் நடைமுறைப்படுத்தினர். நாயின் மூச்சொலியைக் கேட்டபின் அதனை மூன்று நிமிடம் துள்ளுநடையில் நடத்தி, மீண்டும் கேட்டு, 0 முதல் 3 வரை தரமிடுவதே இச்சோதனை. 3ஆம் தரத்தைச் சேர்ந்த நாயை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்பது அதன் விதி. சத்திர சிகிச்சையால் நாசித்துளையை அகலப்படுத்தவும் மென்னண்ணத்தைக் குறுக்கவும் முடியும். இளவயதில், குரல்வளை சரிவதற்கு முன் செய்தால் பயன் மிகுதி. எனினும் மயக்கமருந்திலிருந்து விழிக்கும் வேளை இந்நாய்களுக்கு ஆபத்தானது என்பதால், தொடர்ந்து கண்காணிக்கும் வசதியுள்ள இடத்திலேயே இதைச் செய்விக்க வேண்டும். இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பை வழங்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் போதனா வைத்தியசாலை, மலையக மக்கள் ஆலோசனை பெறக்கூடிய தூரத்தில் உள்ளது.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. முக விகிதம் 0.3க்குக் குறைந்த நாய்களை இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்கும் அளவுகோலை நெதர்லாந்து 2019இல் கொண்டுவந்தது. நோர்வேயில் 2022 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டோக், கவலியர் ஸ்பானியல் ஆகிய இரண்டின் இனப்பெருக்கமும் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் கவலியர் தொடர்பான தீர்ப்பு மட்டுமே நிலைத்தது. தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறை 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டோக் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்களை வெப்பமண்டலத்துக்கு ஒவ்வாதவை எனப் பட்டியலிட்டது. இவற்றுள் நெதர்லாந்தின் அளவுகோல் முகத்தை நோக்குகிறது, தமிழ்நாட்டின் பட்டியலோ தட்பவெப்பத்தை நோக்குகிறது. பின்னதை மட்டும் பின்பற்றினால், ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இந்நாய்களுக்குக் குறையேதும் இல்லை என்னும் தவறான முடிவுக்கே வர நேரும். இலங்கையில் விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அடித்தல், பட்டினி போடுதல் போன்ற நேரடிக் கொடுமைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அச்சட்டம், பிறவியிலேயே துன்பத்தை உண்டாக்கும் இனப்பெருக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

வளர்ப்பவர் செய்யக்கூடியவை

ஏற்கெனவே வீட்டிலுள்ள நாயின் துன்பத்தைக் குறைக்கும் வழிகளுள் தலையாயது உடல் எடையைக் கட்டுப்படுத்துவது. கழுத்திலும் தொண்டையிலும் சேரும் கொழுப்பு, ஒடுங்கிய வழியை மேலும் ஒடுக்கும். கழுத்துப்பட்டியை விடுத்து மார்புப்பட்டியைப் பயன்படுத்துவதும், ஏற்றமான பாதைகளைத் தவிர்த்துக் காலை, மாலை வேளைகளில் குறுநடை கூட்டிச்செல்வதும், வாகனத்தில் காற்றோட்டமும் தண்ணீரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் பயன் தரும். நாய் தள்ளாடினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, இளைப்பு அடங்காமல் நீடித்தாலோ, முதலில் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிவிட்டு, அதன்பின் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியசாலை தொலைவில் உள்ள தோட்டப்புறங்களில் இந்த வரிசையே உயிரைக் காக்கும்.

புதிதாக வாங்க எண்ணுவோர் குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது, ஏனெனில் குட்டிப் பருவத்தில் மூச்சுத்தடை பெரிதாகத் தெரிவதில்லை. தாய் நாயையும் தந்தை நாயையும் சில நிமிடம் நடக்கவிட்டு, அவற்றின் மூச்சொலியைக் கேட்டு, நாசித்துளை திறந்திருக்கிறதா என்று நோக்கி, குட்டிகள் எவ்வாறு ஈனப்பட்டன என்று விசாரிக்க வேண்டும். இவற்றைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து வாங்காமல் விடுவதே நல்லது. ஜெர்மனியில் சிலர் பக் நாயை ஜாக் ரசல் டெரியருடன் கலந்து, ஹோகார்த்தின் ஓவியத்திலுள்ளதைப் போன்ற மூக்குடைய வழித்தோன்றல்களை உருவாக்கி வருகின்றனர். குறுகிய மூக்கை மனிதரின் தெரிவு உருவாக்கியது என்பதால், அதை மீண்டும் நீட்டுவதும் மனிதரின் தெரிவாலேயே இயலும். விற்பனையாளரிடம் விலையைக் கேட்பதற்கு முன் நாயின் மூச்சைக் கேட்கும் வழக்கம் வாங்குவோரிடையே வேரூன்றினால், சட்டம் தாமதிக்கும் நாடுகளிலும் இனப்பெருக்கத்தின் போக்கு மாறத் தொடங்கும்.